தோரணத்துக்கு வெளியே

ரயில் நிலையத்துக்குப் பின்னால் கார் நிறுத்துமிடத்தில், கார்க் கதவைப் பாதி திறந்து மறைவாக வைத்துக்கொண்டு மிசுஹோ உப்புப் பொட்டலத்தைப் பிரித்தாள். தகனக் கூடத்திலிருந்து கிளம்பும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒன்று கொடுத்திருந்தார்கள். மார்பில் கொஞ்சம், தோளுக்கு மேலாக முதுகில் கொஞ்சம், காலடியில் கொஞ்சம். சாவுத் தீட்டு வீட்டுக்குள் வராமலிருக்க, வீட்டு வாசலில் நின்று செய்துவிட்டு உள்ளே நுழைய வேண்டிய காரியம். வாசலில் நின்று செய்தால் மாமியார் பார்ப்பார். கறுப்பு உடையை நிலையத்துக் கழிப்பறையிலேயே மாற்றிப் பைக்குள் அடியில் சுருட்டி வைத்துவிட்டாள். இப்போது உடம்பில் இருந்தது காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது போட்டிருந்த பச்சை ஸ்வெட்டர். சாவுக்குப் போகாத உடையின் மேல் சாவின் உப்பைத் தூவிக்கொண்டு நிற்கிறோம் என்று நினைத்ததும் காது மடல் சூடேறியது. சுற்றிலும் பார்த்தாள். யாருமில்லை. தட்டிவிட்டுக் காரில் ஏறினாள்.

அவள் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் ஏதோ பயிற்சி வைத்திருப்பதாகவும், அதற்காக ஒசாகா போவதாகவும் வீட்டில் சொல்லியிருந்தாள். உண்மையில் ஹிமேஜிக்குப் போய் அப்பாவை எரித்துவிட்டு வந்திருந்தாள். பொய் சொல்லாமல் போயிருக்க முடியாது. ஏனென்றால் அந்த வீட்டைப் பொறுத்தவரை அவளுடைய அப்பா எப்போதோ செத்துப்போயிருந்தார்.

அவரைச் சாகடித்தது அவள்தான். கல்யாணம் பேசி முடிப்பதற்காக ரியோஜி முதல்முறை அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, அவனுடைய அம்மா மாசுயே சூப்புக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டே, "அப்பா என்னம்மா பண்றாரு?" என்று கேட்டார். கேள்வியில் விஷமம் எதுவும் இல்லை. அவருக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துவிட்டிருந்தது. என்ன சொல்வது என்று வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். வியாபாரம் என்று சொல்லிவிடலாம், பொய்யும் இல்லை. ஆனால் வாயைத் திறந்தபோது, "நான் சின்னப் பொண்ணா இருக்கும்போதே தவறிட்டாரு" என்று வந்தது. ரியோஜி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒரு கணம் பார்த்தான். அவன் அவளுடைய அப்பா தொகுஜியை நேரில் சந்தித்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து பீர்கூடக் குடித்திருந்தான். பிறகு கிண்ணத்தை எடுத்து மறுபடி குடிக்கத் தொடங்கினான். மாசுயே கண் கலங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை அன்று மிசுஹோ விடுவித்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு சொல்வதற்குத் தோதான நாள் ஒன்று வரவே இல்லை.

தொகுஜி திருவிழாக்களில் கடை போடுகிறவர். கோயில் கோயிலாக வேனில் போய், பெரிய நீலத் தொட்டியில் தங்கமீன்களை விட்டு, மெல்லிய காகித வலையைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்வார். சிரிக்கும்போது முன்பல் ஒன்று இருக்காது. தோளிலிருந்து முழங்கைவரை பச்சை குத்தியிருந்தார். அந்தத் தொழில்காரர்கள் என்றாலே ரவுடிக் கூட்டம் என்று ஊரில் பேச்சு. மிசுஹோ படித்த பள்ளிக்குப் பக்கத்துக் கோயிலில் அவர் கடை போட்டபோது, அவளோடு படித்த ஒரு பெண்ணின் அம்மா, "அங்க வேணாம், அந்தப் பக்கம் போலாம் வா" என்று மகளின் கையைப் பிடித்து இழுத்துப் போனார். அந்தப் பெண்ணோடு நின்றிருந்த மிசுஹோவும் கூடவே நடந்தாள். பின்னாலிருந்து அப்பா, "மிசு, மிசு" என்று கூப்பிடுவது கேட்டது. அவள் திரும்பவில்லை. அன்று வீட்டுக்கு வந்தவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. இறந்த மீன்களைப் பொறுக்கி வெளியே போட்டுவிட்டுத் தொட்டியைக் கழுவினார்.

சாவுச் செய்தியைப் போனில் சொன்னது கத்சுயோ. அப்பாவோடு ரொம்ப காலமாக மனைவிபோல இருந்த பெண், அவரும் திருவிழாக் கடைக்காரர். கல்யாணம் என்று எங்கேயும் பதிவு செய்துகொண்டதில்லை. தகனக் கூடத்தில் எலும்பு பொறுக்கும் நேரம் வந்தது. இரண்டு பேர் சேர்ந்து ஒரே எலும்பை நீளக் குச்சிகளால் தூக்கிக் கலயத்தில் இட வேண்டும். கத்சுயோ தன் கையிலிருந்த குச்சிகளை முதலில் மிசுஹோவிடம் நீட்டினார். "நீங்கதான் ரத்த சொந்தம். நீங்க ஆரம்பிங்க. நான் கூடப் பிடிக்கிறேன்" என்றார். குச்சிகள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. எலும்பின் எடை முழுவதையும் கத்சுயோவே தாங்கிக்கொண்டார். வந்திருந்த கொஞ்சப் பேரும் சோளம் சுடுகிறவர்கள், முகமூடி விற்கிறவர்கள். அவர்களில் ஒருவரும் மிசுஹோவிடம் எங்கே இருந்தாய், ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு மகள் இரோஹா நடனம் பழகிக்கொண்டிருந்தாள். இலையுதிர்காலத் திருவிழாவில் கோயில் மண்டபத்தில் சாமி முன்னால் ஆட நான்கு சிறுமிகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், அதில் அவளும் ஒருத்தி. கோடை விடுமுறை முழுக்கப் பழகியிருக்கிறார்கள். ஒருத்தி இல்லாவிட்டாலும் ஆட்டம் இல்லை, திசைக்கு ஒருத்தியாக நிற்க வேண்டும். மாசுயே ஊர்முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

"பயிற்சி எப்பிடிம்மா இருந்திச்சு?"

"நல்லா இருந்திச்சு அத்தே. உக்காந்து உக்காந்து முதுகுதான் வலிக்குது."

"போய் வெந்நீர்ல இறங்கு முதல்ல. முகமே வெளுத்துக் கிடக்கு."

மறுநாள் காலையில் மாசுயே வழக்கம்போல் சமையலறை மூலையில் உயரத்தில் இருக்கும் சாமி மாடத்துக்குத் தண்ணீரும் சோறும் வைத்துவிட்டு இரண்டு முறை கைதட்டிக் கும்பிட்டார். வீட்டில் சாவு விழுந்தால் அந்த மாடத்தை வெள்ளைத்தாள் ஒட்டி மூடிவிட வேண்டும். ஐம்பது நாள் தீட்டு கழிந்த பிறகுதான் திறக்க வேண்டும். அதுவரை கோயிலுக்கு முன்னால் நிற்கும் தோரண வாசலைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைக்கக்கூடாது, திருவிழாவோ அதற்குள் வந்துவிடும். மாமனார் இறந்தபோது மாசுயே ஸ்டூல் போட்டு ஏறித் தாளை ஒட்டியதை மிசுஹோ பார்த்திருக்கிறாள். இப்போது மாமியார் முதுகுக்குப் பின்னால் நின்று, திறந்து கிடக்கும் மாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமி கோபித்துக்கொள்ளும் என்று அவளுக்குப் பயமில்லை. சாமியை அவ்வளவாக நினைத்தவளும் இல்லை. ஒரு மனிதர் செத்ததற்காக ஒரு துண்டு வெள்ளைத்தாள்கூட இந்த வீட்டில் ஒட்டப்படவில்லை என்பதுதான் நெஞ்சில் வந்து வந்து முட்டியது.

அன்று குப்பைப் பையைத் தெருமுனையில் வைத்துவிட்டு வரும்போது ரியோஜி மெதுவாகக் கேட்டான். "அம்மாட்ட நான் சொல்லவா?"

"என்னன்னு சொல்லுவீங்க? முன்னாடியே செத்தவரு இப்ப மறுபடியும் செத்துட்டாருன்னா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான். அவளுக்கும் வந்தது. இருவரும் தரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

"இரோஹா ஆடி முடிக்கட்டும்" என்றாள். "மத்த மூணு பிள்ளைங்களும் ஏமாந்துடக் கூடாதில்ல."

சொன்னவளுக்கே தெரிந்தது, பிள்ளைகளை ஒரு சாக்காகத்தான் முன்னால் நிறுத்துகிறோம் என்று.

திருவிழா அன்று வானம் வெளுத்துக் கிடந்தது, கடற்காற்று அதிகம். துறைமுகத்திலிருந்து கோயில்வரை கடைகள். கணவாய் சுடும் புகை படிக்கட்டுவரை வந்தது. இளைஞர்கள் சப்பரத்தைத் தோளில் வைத்துக் குலுக்கிக் கத்திக்கொண்டு கீழ்த்தெருவில் போனார்கள், ரியோஜியும் அதில் ஒருவன். மண்டபத்துக்குப் பக்கத்து அறையில் அம்மாக்கள் சிறுமிகளுக்கு உடை உடுத்தினார்கள். வெள்ளை மேலங்கி, அதன் கைப்பகுதி முழங்காலைத் தாண்டித் தொங்கும். சிவப்புப் பாவாடை. இடுப்பு நாடாவை முடிச்சுப்போடும்போது மிசுஹோ தன் விரல்களைப் பார்த்தாள். எலும்பைப் பிடித்த விரல்கள். "அம்மா, இறுக்கமா இருக்கு" என்றாள் இரோஹா. அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

அப்போது மாசுயே உள்ளே வந்தார். "மிசுஹோ, தோரணத்துக்கு வெளியில ஒரு பொம்பள நிக்கிறா. வருஷா வருஷம் ஆப்பிள் மிட்டாய்க் கடை போடுவாளே, அவதான். கடையும் போடல, உள்ளேயும் வரல. ஏன் அங்கயே நிக்கிறீங்க, வாங்கன்னு கூப்பிட்டேன். கூட இருந்தவரு தவறிட்டாராம், தீட்டாம். சும்மா டான்ஸ் சத்தத்தக் கேட்டுட்டுப் போறேங்கிறா. பாவமா இருக்கு. இந்தா, இந்த டீயைக் குடுத்துட்டு வா. நான் ரெண்டு பலகாரம் எடுத்துட்டுப் பின்னாலயே வரேன்."

காகிதக் கோப்பை சுட்டது. மாமியார் சொன்னது கத்சுயோவைத்தான் என்று புரிந்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியிறங்கினாள். கத்சுயோ இந்த ஊரில் கடை போடுகிறவர் என்பதே அவளுக்கு இதுவரை தெரியாது. திருவிழாவில் கடைகள் இருக்கும் பக்கம் அவள் போனதே இல்லை. மகளை எப்போதும் மாமியார்தான் கூட்டிப் போவார்.

கத்சுயோ கல்விளக்குக்குப் பக்கத்தில் சாலையோரமாக, கறுப்பு உடுப்பில், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மிசுஹோவைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்தது தவறு செய்தவரின் பதற்றம்.

"ஐயோ, உங்களத் தேடி வரலம்மா. உங்க அத்தைதான் பாத்துட்டாங்க. பிள்ள ஆடப்போவுதுன்னு கேள்விப்பட்டேன். சத்தத்தக் கேட்டுட்டுப் போய் அவருகிட்ட சொல்லலாம்னு வந்தேன். வேற ஒண்ணுமில்ல. இதோ கிளம்பிட்டேன்."

"அவருக்கு இரோஹாவைத் தெரியுமா?"

"வருஷா வருஷம் நான் இங்க வந்துட்டுப் போனதும் அதான கேப்பாரு. வளந்திருக்கா, என்ன மிட்டாய் எடுத்தா, யாரு கூட வந்தா. போன வருஷம் பிள்ளைக்கு முன்னாடி ஒரு பல்லு இல்ல. கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு, என்னை மாதிரியேன்னு. நீங்களும் வாங்களேன், தூரத்துல நின்னு பாக்கலாமேன்னா வரமாட்டாரு. என் மூஞ்சி அந்த ஊருல தெரியக்கூடாதும்பாரு." கத்சுயோ குரலைத் தாழ்த்தினார். "அதை அவரு வருத்தமா சொல்லமாட்டாரு. நீங்க அப்பிடி நினைச்சுக்காதீங்க. வேலை விஷயம் மாதிரிதான் சொல்லுவாரு."

மிசுஹோவின் கையிலிருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது. கொடுக்கவும் தோன்றவில்லை. அதற்குள் மாசுயே பலகாரப் பொட்டலத்தோடு வந்துவிட்டார்.

"எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க. எங்க பேத்திதான் இன்னிக்கு ஆடுறா. உங்க கடை மிட்டாய்னா உயிரு அவளுக்கு." பிறகு மருமகளின் தோளில் கை வைத்தார். "துக்கத்துல இருக்கிறவங்கள இப்பிடி வெளியில நிக்க வெச்சுப் பேசக்கூடாது, மன்னிச்சுக்கோங்க. இவளுக்கும் அந்த வலி தெரியும். சின்னப் பிள்ளையாவே அப்பாவ இழந்துட்டா. யாருமே இல்லாமதான் எங்க வீட்டுக்கு வந்தா."

கத்சுயோவின் கண் மாசுயேவிடமிருந்து மிசுஹோவுக்கு வந்தது. அவர் புரிந்துகொண்டதை மிசுஹோ பார்த்தாள். தரை பிளக்காதா என்று இருந்தது. இப்போதாவது வாயைத் திறக்க வேண்டும் என்று தெரிந்தது.

"அப்பிடிங்களா" என்றார் கத்சுயோ. கைப்பையைக் கீழே வைத்தார். கைகளை முன்னால் சேர்த்துக்கொண்டு, மிசுஹோவை நோக்கி இடுப்பை மடக்கி ஆழமாக வணங்கினார். "ரொம்பச் சின்ன வயசுலங்க. அப்பா இல்லாமப் போனது எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும். என் ஆழ்ந்த அனுதாபங்க."

அதில் குத்தல் இல்லை. தகனக் கூடத்தில் யாரும் மிசுஹோவிடம் சொல்லாத வார்த்தைகள் அவை. மிசுஹோவும் குனிந்து வணங்கினாள். வேறென்ன செய்வது. நிமிர்வதற்கு ரொம்ப நேரம் பிடித்தது.

உள்ளே மேளம் ஒலித்தது. "ஆரம்பிச்சுட்டாங்க, வா வா" என்று மாசுயே அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். மிசுஹோ தோரணத்தின் அடியில் நடந்து உள்ளே போனாள். ஒரு முறை திரும்பியிருக்கலாம்.

நடனம் நன்றாகவே நடந்தது. நான்கு சிறுமிகளும் முதலில் விசிறியோடும், பிறகு மணிக்கொத்தோடும் சுற்றி வந்தார்கள். மணிகள் சேர்ந்து குலுங்கும்போது கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது. இரோஹா ஒரு இடத்திலும் தப்பவில்லை. பக்கத்திலிருந்த அம்மாக்கள் போனை உயர்த்திப் படம் எடுத்தார்கள். மிசுஹோ மகளைப் பார்த்துக்கொண்டே, இந்த மணிச் சத்தம் சாலைவரை கேட்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். காற்று கடலிலிருந்து அடித்தது. சத்தத்தை மலைப்பக்கம்தான் கொண்டுபோயிருக்கும்.

முடிந்து உடை மாற்றும் அறையில், மிசுஹோவும் மாசுயேவும் விசிறிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மற்ற அம்மாக்கள் பிள்ளைகளைப் படம் எடுக்க வெளியே கூட்டிப் போயிருந்தார்கள். இளம் பூசாரி வாசலில் எட்டிப் பார்த்து மாசுயேவிடம், "அம்மா, வெளியில நின்னாங்களே அந்தம்மா, போயிட்டாங்களா? வீட்டுல சாவுன்னா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சுத்தம் பண்ணி ஓதி விட்டா உள்ள வரலாம். இப்பெல்லாம் அப்பிடித்தான் பண்றோம். அவங்களுக்குத் தெரியல போல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கத்சுயோவுக்குத் தெரியாதா? வாழ்நாளெல்லாம் கோயில் வாசல்களில் கிடந்தவர். தெரிந்தேதான் வெளியில் நின்றிருக்கிறார். அவருக்கு அந்தத் தீட்டைக் கழித்துக்கொள்ள மனமில்லை. மிசுஹோ பாய்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"பாவம், பஸ் ஸ்டாப்புலதான் இருப்பா. போய்க் கூட்டிட்டு வாம்மா" என்றார் மாசுயே.

"அத்தே, அவங்ககூட இருந்தவருதான் என் அப்பா."

மாசுயேவின் கையில் விரித்த விசிறி இருந்தது. அதை ஒவ்வொரு மடிப்பாக மூடினார்.

"எப்போ?"

"பயிற்சின்னு போனேனே, அன்னிக்குத்தான் எரிச்சோம்."

"அதுவரைக்கும் இருந்தாரா?"

"இருந்தாரு. ஹிமேஜியில. கடை போடுறவரு. தங்கமீன் கடை."

வெளியே பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. கடை போடுகிறவர் என்பதற்கோ, இத்தனை வருஷப் பொய்க்கோ, தீட்டோடு பிள்ளையை ஆடவிட்டதற்கோ மாமியார் கோபிப்பார் என்று எதிர்பார்த்தாள். எதற்கு என்று தெரிந்தால் அதற்கேற்றபடி தலைகுனியலாம். மாசுயே அவளைப் பார்க்கவே இல்லை.

"நான் அந்தம்மா முன்னாடி என்னென்ன பேசினேன்" என்றார் மெதுவாக. "உன் தோள்ல கைய வெச்சுக்கிட்டு. யாருமே இல்லாம வந்தான்னு. புருஷன் செத்து நிக்கிறவகிட்ட." அவர் முகம் மெல்லச் சிவந்து, அந்தச் சிவப்பு கழுத்துவரை இறங்கியது. "நீ நின்னு கேட்டுட்டிருந்தியே. ஏன் என்னப் பேச விட்ட?"

தன்னுடைய வெட்கம் தன்னோடு முடிகிற விஷயம் என்று மிசுஹோ இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"அத்தே, நான்..."

"உன் மூஞ்சிய இப்ப என்னால பாக்க முடியல. எந்திரிச்சுப் போ."

வெளியே வந்தாள். இரோஹா படியருகே தோழிகளோடு நின்று சோடா குடித்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஆட்ட உடையிலேயே. மிசுஹோ அவள் கையைப் பிடித்தாள். "எங்கம்மா? டிரஸ் அழுக்காயிடும்னு திட்டுவாங்க" என்றாள் மகள். பதில் சொல்லாமல் கூட்டிக்கொண்டு தோரணத்தைத் தாண்டினாள்.

மீன் சந்தைக்கு எதிரிலிருந்த பேருந்து நிறுத்தத்தில் கத்சுயோ ஒருவர் மட்டும் நின்றிருந்தார். அவர்களைக் கண்டதும் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். வளைவில் பேருந்து தெரிந்தது.

"அம்மா, ஆப்பிள் மிட்டாய்ப் பாட்டி" என்றாள் இரோஹா. "பாட்டி, நீங்க ஏன் இந்த வருஷம் கடை போடல? நான் தேடினேன்."

கத்சுயோ முதலில் சிறுமியின் வாயைப் பார்த்தார். "பல்லு வந்துடுச்சே" என்றார். அவ்வளவுதான். பிறகு வாயை மூடிக்கொண்டு மிசுஹோவைப் பார்த்தார். என்ன சொல்ல வேண்டுமோ அதை நீயே சொல், எதைச் சொன்னாலும் நான் தலையாட்டுகிறேன் என்று அந்தப் பார்வை காத்திருந்தது.

பேருந்து வந்து நின்றது. கதவு மடிந்து திறந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் அவர்களைப் பார்த்தார்.

"இரோஹா" என்றாள் மிசுஹோ. "இவங்க வந்து..."

அந்த இடத்தில் சொல்வதற்கு ஒரு சொல்லைத் தேடினாள். அப்போது கடற்காற்று மேடேறி வந்து மகளின் நீண்ட வெள்ளைக் கைப்பகுதியைத் தூக்கியது. அது கத்சுயோவின் கறுப்பு உடுப்பைத் தொடப் போனது. சாமி முன்னால் ஆடிய துணி சாவுத் துணியில் படக்கூடாதே என்று அவர் ஒரு அடி பின்வாங்கினார். துணி இன்னும் நீண்டது. அவர் இன்னொரு அடி பின்னால் வைத்தார். முதுகு நிறுத்தத்தின் தகரச் சுவரில் முட்டியது, அதற்குமேல் போக இடமில்லை. வெள்ளைத் துணி அவர் கறுப்பு உடுப்பின் மேல் வந்து விழுந்து, படபடத்து, அங்கேயே ஒட்டிக்கொண்டது.